பட்டறைப் பதில்கள்: பழைய ஜீப்புக்கு டிஸ்க் பிரேக் போடலாமா?

எங்களிடம் 1978 மாடல் மஹிந்திரா சி.ஜே. 3பி ஜீப் இருக்கிறது. அப்பா காலத்திலேயே டீசல் இன்ஜின் மாற்றியாகிவிட்டது. சோளக்காட்டிலிருந்து மிளகு, வாழைத்தார் ஏற்றிக் காரவள்ளிக்கு இறங்கும்போது, பாதி வளைவு தாண்டியதும் பிரேக் பெடல் அடிவரை போய்விடுகிறது. இரண்டு தடவை அடித்து மிதித்தால்தான் பிடிக்கிறது. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் மாற்றிவிடலாமா?
- கொல்லிமலை வாசகர்

மாற்றலாம். ஆனால் நாலுக்கும் வேண்டாம், முன் சக்கரம் இரண்டுக்கும் போதும். டிஸ்க் வாங்கும் முன்பே மாஸ்டர் சிலிண்டருக்கு, அதாவது பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைக் குழாய்க்குள் தள்ளும் பகுதிக்கு, பணம் ஒதுக்கி வையுங்கள்.

உங்கள் ஜீப்பில் இப்போது இருப்பது டிரம் பிரேக். சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து ஷூ அழுத்தும், ஷூவில் ஒட்டிய உராய்வுப் பட்டைதான் லைனிங். நாமக்கல்லில் நான் பட்டறை வைத்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. மலையிறங்கி நேரே வரும் ஜீப்பின் டிரம்மைக் கழற்றும் முன்பே லைனிங் கருகிய வாடை வந்துவிடும். உள்ளே பார்த்தால் லைனிங் கண்ணாடி மாதிரி மினுமினுக்கும், நகத்தால் கீறினால் தூள்கூட வராது. டிரம்மில் அங்கங்கே நீலத் திட்டு விழுந்திருக்கும். 70 கொண்டை ஊசி வளைவிலும் காலை எடுக்காமல் மிதித்தால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லை. சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். விலகிய தூரத்தை எட்டிப் பிடிக்கத்தான் உங்கள் பெடல் அடிவரை போகிறது. டிஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை. தகடு காற்றில் திறந்தே சுற்றுவதால் சீக்கிரம் ஆறும். ஓடையில் இறங்கி ஏறினாலும் தண்ணீரையும் சேற்றையும் வீசி எறிந்துவிடும்.

இப்போது மாஸ்டர் சிலிண்டருக்கு வருகிறேன். உங்கள் ஜீப்பில் அது டிரைவர் காலுக்குக் கீழே, சேஸில் இருக்கும். ஆயில் ஊற்றவே தரைத்தகடு மூடியைத் திறக்க வேண்டும். அதில் இருப்பது ஒரே அறை. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போச்சு. எனக்குப் பெரிய பயம் டிரம்மைவிட இதுதான். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரட்டை அறை உள்ள மாஸ்டர் சிலிண்டரை, மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டரோடு சேர்த்து இன்ஜின் பக்கத் தடுப்புத் தகட்டில் மேலே ஏற்றுங்கள். பெடலையும் தொங்கு பெடலாக மாற்ற வேண்டிவரும்.

பூஸ்டர் எதற்கு என்று கேட்பீர்கள். டிரம் பிரேக்கில் சக்கரம் சுற்றுகிற வேகமே முன் ஷூவை உள்ளே இழுத்து இறுக்கும், பாதி வேலையை அதுவே செய்துவிடும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. பூஸ்டர் இல்லாமல் போட்டால் பெடல் கல் மாதிரி இருக்கும். உங்களுடையது டீசல் என்பதால் பூஸ்டருக்கு வேண்டிய வாக்குவம் இன்ஜினிலிருந்து தானாக வராது. பின்னால் வாக்குவம் பம்ப் உள்ள ஆல்டர்னேட்டராகப் பார்த்து வாங்குங்கள். இன்ஜினை அணைத்து நியூட்ரலில் இறக்கும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் அன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும், முழுப் பலத்தோடு மிதித்தாலும் வண்டியை நிறுத்துவது சிரமம்.

பின் டிரம் அப்படியே இருக்கட்டும். லைனிங், வீல் சிலிண்டர் மட்டும் புதிதாகப் போடுங்கள். பின்பக்கக் குழாயில், பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு புரொபோர்ஷனிங் வால்வும் வையுங்கள். இறக்கத்தில் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் லேசாகும். மழை நாளில் பின் சக்கரம் லாக் ஆனால் வண்டி குறுக்கே திரும்பிவிடும்.

டிஸ்க் தகட்டில் பேடை அழுத்தும் காலிபரை மாட்டியதும் ரிம்மைப் போட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கும் உரசக் கூடாது.

வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கேட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அங்கே போய் நின்று விளக்கம் சொல்வதைவிட இது மேல்.

வேறொரு பட்டறையில் என் ஜீப்புக்கு முன் டிஸ்க் போட்டார்கள். பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்குகிறது. எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் சரியாகவில்லை. சக்கரமும் கொதிக்கிறது.
- ஏற்காடு வாசகர்

இதே இரண்டு கோளாறோடும் ஒரு ஜீப் போன தை மாதம் என்னிடம் வந்தது. ஹப்பில் ஒரு கை தண்ணீர் தெளித்தேன், சுர்ரென்று ஆவியாகிவிட்டது. ஜாக்கி போட்டுத் தூக்கினால் சக்கரம் கையால் சுற்றவே வரவில்லை.

பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டிருந்தார்கள். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர் வாயில் ஒரு சின்னத் தடுப்பு வால்வு இருக்கும். காலை எடுத்த பிறகும் குழாயில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்மில் ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் அது பாதகமில்லை. டிஸ்க்கில் ஸ்பிரிங் கிடையாது, பேட் தகட்டை விடாமல் தேய்த்துக்கொண்டே இருக்கும். மாஸ்டர் சிலிண்டர் சேஸிலேயே இருக்கட்டும் என்றால், முன்பக்கத்துக்கு அந்த வால்வை எடுத்துவிட்டு 2 பி.எஸ்.ஐ. வால்வு போட வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் மேலே இருக்கும் காலிபரிலிருந்து ஆயில் கீழே இறங்கிவிடும்.

ஸ்பாஞ்ச் பெடலுக்குக் காரணம் வேறு. காலிபரில் ஏர் எடுக்கும் நிப்பிள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். அந்த ஜீப்பில் இடது வலது மாறி மாட்டியதால் நிப்பிள் கீழே இருந்தது. காற்று மேலே தங்கும், கீழே திறந்தால் ஆயில்தான் வரும். நாள் முழுக்க மிதித்தாலும் தீராது. இரண்டையும் மாற்றி மாட்டினோம், அரை மணியில் பெடல் கெட்டியாகிவிட்டது.

டாட் 3 பிரேக் ஆயில் போதுமா?
- வால்பாறை வாசகர்

மலைக்கு டாட் 4 ஊற்றுங்கள். புதிதாக இருக்கும்போது டாட் 3 கொதிக்காமல் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்கும், டாட் 4 குறைந்தது 230. இரண்டுமே ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சிய பிறகு அந்த அளவு 140, 155 என்று இறங்கிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுங்கள். பாதி காலி செய்து மூடி வைத்த பழைய டப்பாவை மட்டும் எடுக்காதீர்கள்.