கழுத்தைத் திருப்புங்கள்: சாலைக் கேள்விகள்

கே: சைக்கிளை முந்தும்போது எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

ப: ஒன்றரை மீட்டர். ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் இதுவே சட்டம். ஊருக்கு வெளியே இரண்டு. இடம் இல்லையென்றால் பின்னாலேயே போங்கள். அடுத்த சிக்னலில் எப்படியும் இருவரும் சேர்ந்துதான் நிற்கப்போகிறீர்கள்.

கே: எதிர்த்திசையில் ஓட்டினால் வரும் வண்டியைப் பார்க்க முடிகிறதே, அதுதானே பாதுகாப்பு?

ப: அது நடப்பவர்களுக்குச் சொன்ன யோசனை. கார் 40, நீங்கள் 15 என்று வையுங்கள். ஒரே திசையில் போனால் வேக வித்தியாசம் 25. எதிரே போனால் 55. பக்கத் தெருவிலிருந்து திரும்புகிறவர் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார். வேண்டாம்.

கே: நிறுத்தியிருந்த காரின் கதவைத் திறந்தேன், சைக்கிள்காரர் வந்து மோதிவிட்டார். வேகமாக வந்தது அவர் தப்பில்லையா?

ப: இல்லை. கதவு நசுங்கியதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வரிகூடக் காணோம்.

சாதாரணமாக மிதித்து 20 கி.மீ. வேகத்தில் வருகிறவர் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடுவார். கதவைப் பார்த்து அவர் கை பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு கார் நீளம் போய்விடும். ஒதுங்கலாம் என்றால் பின்னால் வரும் பஸ்ஸின் முன்னால்தான் விழ வேண்டும். இதில் அவர் செய்யக்கூடியது என்ன?

கதவுக்குத் தள்ளியிருக்கும் கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கழுத்தும் கூடவே திரும்பும். நெதர்லாந்தில் பழைய பழக்கம் இது. பிரிட்டனும் 2022-இல் தன் சாலை விதிகளில் சேர்த்துக்கொண்டது. பின்சீட்டில் இருப்பவர்களுக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கும், இதைச் சொல்லிக்கொடுங்கள். கண்ணாடியை மட்டும் நம்பாதீர்கள்.

நிறுத்திய கார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓட்டச் சொல்வதும் இதற்காகத்தான். அப்படி ஓட்டுகிறவரைப் பார்த்து “ஓரமாப் போ” என்று ஹாரன் அடிக்கிறீர்களே, அந்த ஓரத்தில்தான் கதவு திறக்கிறது!

கே: சிக்னலில் நிற்கும் லாரியின் ஓரமாக நுழைந்து முன்னே போகலாமா?

ப: கூடாது. திரும்பும்போது லாரியின் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நீங்கள் நிற்பது அங்கேதான். லாரியின் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. பின்னால் நில்லுங்கள்.

கே: சைக்கிள்கள் திடீர் திடீரென்று குறுக்கே வருகின்றன. என்ன செய்வது?

ப: எங்கே, எந்தத் திருப்பத்தில், நீங்கள் என்ன வேகத்தில்? எதையும் எழுதாமல் கேட்டால் எப்படி? பொதுவாகச் சொல்கிறேன்: வேகம் 30-லிருந்து 60 ஆனால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. பாதித் “திடீர்” அதிலேயே அடங்கிவிடும். மீதிப் பாதி சைக்கிள்காரர்களுக்கு: பள்ளத்தைத் தவிர்க்க ஒதுங்குமுன் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள், பிறகு கை காட்டுங்கள்.

கே: இரவில் என்ன விளக்கு?

ப: முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. மாற்றி மாட்டினால் எந்தத் திசையில் போகிறீர்கள் என்றே தெரியாது. பெடலில் ரிப்ளெக்டர் இருக்கட்டும். மேலும் கீழும் ஆடுவது சட்டென்று கண்ணில் படும்.

கே: மணி யாருக்கும் கேட்பதில்லை. பெரிய ஹாரன் வாங்கலாமா?

ப: கண்ணாடி ஏற்றிய காருக்குள் அதுவும் சரியாகக் கேட்காது. அந்தப் பணத்தில் பிரேக் கட்டையை மாற்றுங்கள்.