விரல் பிரியாத மூடி

கேள்வி: என் கணவருக்கு (38) மயோடோனிக் டிஸ்ட்ரோபி என்ற தசை நோய். மாமனார் 47 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார். ஈசிஜி பார்த்த டாக்டர், பேஸ்மேக்கர் வைக்கச் சொல்கிறார். இவருக்கு மயக்கம், படபடப்பு எதுவும் இல்லை. நாத்தனாருக்குத் தையில் கல்யாணம். (அவளுக்கும் ஜாடி மூடியைத் திருகினால் விரல் சட்டென்று பிரியாது, அந்த வீட்டுச் சாயல் அப்படி.) வெளியே தெரியாமல் கல்யாணம் முடியட்டும் என்கிறார் மாமியார். ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கூடாது. இந்த நோயில் இதயத்தின் மின்பாதை சத்தமில்லாமல் பழுதாகிக்கொண்டே வரும். ஈசிஜியில் பி.ஆர். இடைவெளி, அதாவது மின்துடிப்பு இதயத்தின் மேலறையில் தொடங்கிக் கீழறைக்குப் போய்ச்சேரும் நேரம், 200 மில்லிசெகண்டைத் தாண்டினாலே தாமதம். 240-க்கு மேல் போனால் டாக்டர்கள் காத்திருக்கப் பயப்படுவார்கள். முதல் மயக்கத்திலேயே உயிர் போய்விடலாம், அதனால்தான் முன்கூட்டியே வைக்கச் சொல்கிறார்கள். சிலருக்கு இதயத்தின் கீழறை தறிகெட்டுத் துடிக்கும். அதற்கு பேஸ்மேக்கர் போதாது, ஷாக் கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்யும் ஐசிடி வேண்டும். இவருக்கு எது என்று டாக்டரிடமே கேளுங்கள்.

சரி, அந்த ஜாடி மூடிக்கு வருகிறேன். அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

சாயலாம்! மூக்கும் நெற்றியும்தான் சாயல். பிடித்த பிடி விடாமல் இருப்பது இந்த நோயின் முக்கிய அடையாளம். கையை இறுக்கி மூடி, சட்டென்று விரிக்கச் சொல்லி டாக்டர் பார்ப்பதும் அதைத்தான். 19-ஆம் குரோமோசோமில் உள்ள கோளாறு இது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணோ பெண்ணோ. கையில் பலம் இருப்பதை வைத்து இதயத்தை எடைபோட முடியாது. தாயிடமிருந்து போனால், குழந்தை பிறக்கும்போதே துவண்டு பிறக்கவும் கூடும். பிரசவத்தில் மயக்க மருந்து கொடுப்பவருக்கு விஷயம் தெரியாவிட்டால், வழக்கமாகப் போடும் ஓர் ஊசியே தாடையை இறுக்கிப் பூட்டிவிடலாம்.

இதெல்லாம் அந்தப் பெண்ணின் உடம்பு. அவளிடமே மறைக்கிறீர்கள். புருஷனைப் பறிகொடுத்த மாமியாரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் தப்பு தப்புதான். நீங்களும் கண்ணால் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. அண்ணி என்று எதற்கு இருக்கிறீர்கள்? மாப்பிள்ளைக்கும் தெரிந்தாக வேண்டும். அதை அவளே சொல்லட்டும். கல்யாணம் நின்றால் நிற்கட்டும்.

இந்த வாரமே அவளை அதே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஈசிஜியும், நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டரும் எடுக்கச் சொல்லுங்கள். நோய் உறுதியானால், இப்போது ஈசிஜி நன்றாக இருந்தாலும் வருஷம் ஒரு முறை எடுக்க வேண்டும். கணவரின் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். மாமனார் எப்படிப் போனார் என்பதை, டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.