மதமாற்றமும் சாட்சியும்: கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற போதகரின் பதில்கள்

நாகர்கோவில் மாணவர்: விடுதியில் என் அறைத்தோழன் இந்து. நான் அவனுக்கு இயேசுவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இரத்தப்பழி என் மேல் என்று ஜெபக்குழுவில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா ஐயா?

தம்பி, அது பைபிளில் எசேக்கியேல் 3-ஆம் அதிகாரம். இஸ்ரவேலுக்குக் காவலாளியாக வைக்கப்பட்ட ஒரு தீர்க்கதரிசிக்கு, அவருடைய சொந்த ஜனத்தைக் குறித்துச் சொன்னது. அதை எடுத்து இருபது வயதுப் பையன்களின் தலையில் வைப்பது எனக்குப் பிடிக்காது. பயத்தில் பேசுகிறவன் தன் பாரத்தை இறக்கிவைக்கத்தான் பார்ப்பான், எதிரே இருப்பவனைப் பார்க்கமாட்டான்.

சாட்சி சொல்லும், அதாவது இயேசுவைப் பற்றிப் பிறருக்குச் சொல்லும், கட்டளை இல்லாமல் இல்லை. மத்தேயு 28-ம் அப்போஸ்தலர் 1:8-ம் இருக்கின்றன. ஆனால் 1 பேதுரு 3:15-ஐயும் சேர்த்துப் படி: உன் நம்பிக்கையைப் பற்றி விசாரித்துக் கேட்கிறவனுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாக இரு என்கிறார். அவன் கேட்டால் மழுப்பாமல் சொல். கேட்காதவன் தூங்கும்போது தலையணைக்கடியில் துண்டுப்பிரதி வைக்காதே (செய்கிறவர்கள் இருக்கிறார்கள்!). அவன் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வாங்கிக் கொடு. அதையும் தூண்டில் ஆக்காதே. அவன் கடைசிவரை இந்துவாகவே இருந்தாலும் உன் நண்பன்தான். மனம் திரும்பவைப்பது உன் வேலை இல்லை.

மதுரை வாசகர்: நம்பிக்கையைப் பற்றிப் பேசினாலே கேஸ் போடுவார்களா?

அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது, பொது ஒழுங்குக்கு உட்பட்டு. 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது: உன் மதக் கருத்துகளை எடுத்துச் சொல்லலாம், இன்னொருவரை மாற்றும் உரிமை உனக்கில்லை. இதைக் கேட்டதும் நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கென்னவோ அதில் பாதி நம்முடைய வேதமே சொல்வதுதான் என்று தோன்றுகிறது. மற்றப் பாதிதான் சிக்கல். மாற விரும்புகிறவரின் உரிமை அந்தத் தீர்ப்பில் ஓரத்தில் போய் நிற்கிறது.

தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு அதே அரசு அதைத் திரும்பப் பெற்றது. உத்தரப் பிரதேசத்தில் நிலைமை வேறு. 2021 சட்டப்படி, மாற விரும்புகிறவர் 60 நாளுக்கு முன்பே மாவட்ட நிர்வாகத்திடம் அறிவிக்க வேண்டும். அந்தப் பக்கம் ஊழியத்துக்குப் போகிறவர்கள் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

விழுப்புரம் சகோதரி: ஞானஸ்நானம் எடுத்தால் எஸ்சி சான்றிதழ் போய்விடுமா?

போய்விடும் அம்மா. இதை மறைத்து ஞானஸ்நானம் கொடுக்கும் போதகர் தவறு செய்கிறார். யார் எஸ்சி என்று வகுத்த 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், நம்மைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் எஸ்சியிலிருந்து கிறிஸ்தவர் ஆனவர்கள் பிசி பட்டியலில் வருகிறார்கள். 2023 ஏப்ரலில் சட்டமன்றம் இவர்களுக்கும் எஸ்சி உரிமைகளைத் தரச் சொல்லித் தீர்மானம் போட்டது, டெல்லி அசையவில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவ நம்பிக்கையோடு வாழ்ந்துகொண்டு சலுகைக்காக இந்து என்று சொல்ல முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

சேரியில் பிறந்தவர் தேவாலயத்துக்குள் வந்ததும் சாதி போய்விடுகிறதா என்றால், தனிக் கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்களைப் போய்ப் பாருங்கள். சட்டம் இல்லை என்று சொல்லும் சாதியை நாமே காப்பாற்றி வருகிறோம். சாட்சியைப் பற்றி மேடை போட்டுப் பேசும் முன்பு இதைத் தீர்க்க வேண்டும்.

தூத்துக்குடி வாசகர்: பஞ்ச காலத்தில் சேர்ந்தவர்களை 'அரிசிக் கிறிஸ்தவர்' என்று கிண்டல் செய்கிறார்களே?

1876-78 பஞ்சத்தில் திருநெல்வேலிப் பக்கம் பல்லாயிரம் பேர் சபைகளில் சேர்ந்தது உண்மை. பசித்தவன் சோறு போட்டவன் பக்கம் போனதைக் குற்றமாக்குகிறவர், அதே ஊரில் அவனுக்குக் கிணற்றுத் தண்ணீர் மறுக்கப்பட்டதையும் சேர்த்துச் சொல்லட்டும். ஆனால் இன்று ஜெபத்துக்கு வந்தால்தான் பிள்ளைக்கு ஃபீஸ் என்று நிபந்தனை போட்டால், அது உதவி இல்லை, விலை பேசுவது.

சேலம், இந்து வாசகர்: ஞாயிறுதோறும் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். எப்படிச் சொல்வது?

'வேண்டாம், இனி வராதீர்கள்' என்று சொல்லுங்கள். மறுபடி வந்தால் அவர்களுடைய சபைப் போதகரிடம் புகார் சொல்லுங்கள். நாங்கள் வருத்தப்பட மாட்டோம், நியாயம் உங்கள் பக்கம்.

பாளையங்கோட்டை வாசகர்: மதம் மாறினால் பெயரையும் மாற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற கவிஞர் கிருஷ்ணபிள்ளைக்கு ஹென்றி ஆல்பிரட் என்று பெயர் சூட்டினார்கள். இன்றும் எல்லோருக்கும் அவர் கிருஷ்ணபிள்ளைதான்.

கோவை இளைஞர்: நான் இந்து. ஞானஸ்நானம் எடுத்தால்தான் கல்யாணம் என்கிறார்கள் பெண் வீட்டார்.

சட்டம் அப்படிக் கேட்கவில்லை தம்பி. 1872-ஆம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்கு இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும். சபைகள் தங்கள் விதிப்படி மறுக்கலாம், அது வேறு. அப்படி மறுத்தால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, 30 நாள் நோட்டீஸ் கொடுத்துப் பதிவு செய்யலாம். பெண் வீட்டாரிடம் நான் சொன்னதாகவே சொல்: மண்டபம் புக் பண்ணிவிட்டோம் என்பதற்காக யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கமாட்டேன். உனக்கே ஒருநாள் விருப்பம் வந்தால் அப்போது வா, பேசுவோம்.