வாசகர் கேள்வி – பதில்: தள்ளிப்போட்ட ஆயில் மாற்றம்

என்ஜின் ஆயிலைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: என் பெட்ரோல் காரின் கையேட்டில் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும் என்று போட்டிருக்கிறது. வேலைப்பளுவில் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியாக மாற்றியதிலிருந்து 24,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. சத்தமோ புகையோ இல்லை. வண்டி முன்போலவே ஓடுகிறது. உள்ளே உண்மையிலேயே ஏதாவது கெட்டிருக்குமா, அல்லது இது வெறும் பயமுறுத்தலா?

பதில்: வண்டி முன்போலவே ஓடுகிறது என்பதை வைத்து உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்ற முடிவுக்கு வர முடியாது. டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரிகிறது, பிரேக் தேய்ந்தால் காதுக்குக் கேட்கிறது. ஆயில் கெட்டுப்போவதோ நெடுநாள் வரை வெளியே தெரிவதே இல்லை. தெரிய வரும்போது பெரும்பாலும் உலோகம் தேயத் தொடங்கியிருக்கும். ஆகவே இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அதே சமயம், என்ஜின் போய்விட்டது என்று நீங்கள் இப்போதே கலங்கவும் வேண்டாம். ஆயிலையும் ஃபில்டரையும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். அதன் பிறகு கீழே சொல்வதைப் படித்துப் பாருங்கள்.

நாம் ஊற்றும் ஆயிலில் ஏறத்தாழ 75 முதல் 90 சதவீதம் வரை அடிப்படை எண்ணெய். மீதமுள்ளவை ரசாயனச் சேர்மானங்கள். கரியையும் அழுக்கையும் உலோகத்தில் படியவிடாமல் கழுவுபவை சில. கழுவிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் ஆயிலில் மிதக்கவைப்பவை சில. எரிபொருள் எரியும்போது உண்டாகும் அமிலங்களை முறிப்பவை சில. கடும் அழுத்தத்தில் உலோகம் உலோகத்தோடு உரசாமல் காக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மங்கள் சில. இவையெல்லாம் வேலை செய்யச் செய்யச் செலவாகிக்கொண்டே போகின்றன. கையேட்டில் குறித்திருக்கும் கிலோமீட்டர் என்பது, இந்தச் சேர்மானங்கள் தீர்ந்துபோவதற்கு முன்பே ஆயிலை வெளியேற்றிவிட வேண்டும் என்ற கணக்கில் வைத்த எல்லை.

அந்த எல்லையைத் தாண்டினால் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து தடிப்பது வேகமெடுக்கிறது. என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பில் 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் அதே ஆயில், சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனைச் சுற்றியுள்ள மேல் ரிங்கின் அருகே 200 டிகிரியையும் கடக்கிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடும்போது ஆக்சிஜனேற்றம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொறியாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு. ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியும் எரிந்த வாயு, கரித்துகளையும் நீராவியையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் ஆயிலுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. இத்தனையும் கலந்து உண்டாவதுதான் மெக்கானிக்குகள் ‘ஸ்லட்ஜ்’ என்று சொல்லும் கருங்கசடு.

இந்தக் கசடு எங்கே போய் அடைகிறது என்பதில்தான் என்ஜினின் ஆயுள் இருக்கிறது. சம்பின் அடியில், ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயில், உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஒரு சிறிய வலை இருக்கும். நெடுநாள் ஆயில் மாற்றாத என்ஜினின் சம்பைக் கழற்றிப் பார்த்தால், அந்த வலையின் கண்கள் தாரைப் பூசியதுபோல் அடைத்துக் கிடக்கும். விரலால் வழித்தால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வரும். பம்ப் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வலை விடுகிற அளவு ஆயிலைத்தான் அதனால் மேலே தள்ள முடியும். ஃபில்டரின் கதையும் இதுவே. அது அடைத்துக்கொண்டால் ஆயிலோட்டம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக ஒரு பைபாஸ் வால்வு வைத்திருக்கிறார்கள். அது திறந்த பிறகு, வடிகட்டாத ஆயில், உலோகத் துகள்களோடு, சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளுக்கு நேராகப் போகிறது. வண்டி அப்போதும் ‘முன்போலவே’தான் ஓடும்.

முதலில் அடிபடுவது எது என்பது என்ஜினைப் பொறுத்தது. என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ உள்ள வண்டியில் பெரும்பாலும் அதுதான்; நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் அதன் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே, ஆயில் வந்து சேரும் குழாயும் குறுகலானது. வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின் உள்ள என்ஜினில் செயினின் இணைப்புகள் தேய்ந்து அது நீளும். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பல என்ஜின்களில் ஆயில் அழுத்தத்தால் இயங்குவதால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில விநாடிகள் கரகரவென்று சத்தம் கேட்கும். ஆயிலை வழித்துவிடும் ரிங்குகள் பிஸ்டனின் பள்ளங்களில் கரி ஏறி இறுகிக்கொண்டால், ஆயில் எரிந்து சைலன்சரில் நீலப்புகை வரும். கடைசியில் வருவது, பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பேரிங்குகளின் முறை. ஓடும் என்ஜினில் ஷாஃப்டையும் பேரிங்கையும் பிரித்து வைப்பது சில மைக்ரான் தடிமனுள்ள ஆயில் படலம்தான். மனிதத் தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான். அந்தப் படலம் அறுந்தால் பேரிங் சூடேறித் தன் இடத்தைவிட்டுச் சுழன்றுவிடும், என்ஜின் சீஸ் ஆகும், அதாவது இறுகிச் சுழலாமல் நின்றுவிடும். சில சமயம் பிஸ்டனை கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

உங்கள் வண்டி இந்தப் பாதையில் வெகுதூரம் போயிருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் புதிய ஆயில் இனி வரும் தேய்மானத்தைத்தான் குறைக்கும். தேய்ந்துபோன உலோகத்தை மீட்டுத் தராது. அடுத்த ஆயில் மாற்றத்தைப் பாதித் தூரத்திலேயே, அதாவது 5,000 கிலோமீட்டரிலேயே செய்துவிடுங்கள். உள்ளே படிந்திருக்கும் கசட்டைப் புதிய ஆயில் மெல்லக் கரைத்து எடுக்கும். அந்தக் கசடு நிரம்பிய ஆயிலை அதிக நாள் உள்ளே வைத்திருப்பது நல்லதல்ல.

கேள்வி: ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுத்தால் மாற்ற வேண்டும், தேன் நிறத்தில் இருந்தால் இன்னும் ஓட்டலாம் என்று நண்பர் சொல்கிறார். சரியா?

பதில்: சரியல்ல. டீசல் என்ஜினில் புதிய ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். கரியைக் கழுவித் தன்னோடு வைத்துக்கொள்கிறது என்பதற்கான அடையாளம் அது. மறுபக்கம், அமிலத்தை முறிக்கும் திறன் தீர்ந்துபோன ஆயிலும் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம். விரலில் தேய்த்துப் பார்ப்பதாலும் இது தெரியாது. தூரத்தையும் காலத்தையும் மட்டும் கணக்கில் வையுங்கள். டிப்ஸ்டிக் காட்டுவது அளவைத்தான், அந்த வேலையை அது மிக நன்றாகச் செய்கிறது.

கேள்வி: என் கார் கொஞ்சம் ஆயில் குடிக்கும். குறையும்போதெல்லாம் அரை லிட்டர் புதிய ஆயில் ஊற்றிவிடுவதால் தனியாக மாற்ற வேண்டியதில்லை அல்லவா?

பதில்: மாற்றத்தான் வேண்டும். நீங்கள் ஊற்றும் அரை லிட்டர் புதிய சேர்மானங்களைச் சிறிதளவு கொடுக்கிறதே தவிர, ஏற்கெனவே உள்ளே இருக்கும் கரியையும் அமிலத்தையும் உலோகத் துகளையும் வெளியேற்றுவதில்லை. ஃபில்டரும் அப்படியே பழையதாகக் கிடக்கிறது. ஆயில் குறைகிற வண்டியில் அளவு பார்ப்பதை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள்: சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து ஐந்து, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடித்து நுரை எழுப்பும், நுரை பேரிங்கைத் தாங்காது.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற பின் காரை அதிகம் எடுப்பதில்லை. அருகிலுள்ள கடைக்கும் மருத்துவரிடமும் போய் வருவதோடு சரி. ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. 10,000 ஆக இன்னும் நான்கைந்து ஆண்டுகள் ஆகும் என்பதால் அதுவரை காத்திருக்கலாமா?

பதில்: ஐயா, காத்திருக்க வேண்டாம். குறைவாக ஓடும் கார் ஆயிலுக்கு எளிதான வேலை கொடுக்கிறது என்று நினைப்பது இயல்புதான், ஆனால் நடப்பது நேர்மாறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் பெரும்பங்கு ஆவியாக சைலன்சர் வழியே போய்விட்டாலும், ஒரு சிறு பங்கு ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. குளிர்ந்த என்ஜினில் எரியாத பெட்ரோலும் அதோடு சேர்ந்து இறங்குகிறது. ஆயில் நன்றாகச் சூடேறும்வரை வண்டி ஓடினால்தான் இவை ஆவியாகி வெளியேறும். ஐந்து நிமிடப் பயணங்களில் அந்தச் சூடு வருவதே இல்லை, தண்ணீரும் பெட்ரோலும் ஆயிலோடு தங்கிவிடுகின்றன. ஆயில் நீர்க்கிறது, அமிலம் உண்டாகிறது, உலோகத்தில் துரு பிடிக்கிறது.

ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து அதன் உட்புறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் நிறத்தில் கிரீம்போல ஏதாவது ஒட்டியிருந்தால், அது தண்ணீரும் ஆயிலும் கலந்த குழம்பு. ரேடியேட்டர் தண்ணீரும் சேர்ந்து குறைந்துவருகிறது என்றால் என்ஜினின் மேல்பகுதிக்கும் பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் பழுதாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும். தண்ணீர் குறையவில்லை என்றால் குறுகிய பயணங்களே பெரும்பாலும் காரணம். கையேட்டில் ‘அல்லது ஆண்டுக்கு ஒருமுறை’ என்று சேர்த்திருப்பது உங்களைப் போன்றவர்களுக்காகவே. ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுங்கள். வாரத்துக்கு ஒருநாளாவது அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டி வாருங்கள். என்ஜின் அடிக்கடி நின்று நின்று ஓடும் ஹைபிரிட் வண்டிகளுக்கும் இதே ஆலோசனை பொருந்தும்.

கேள்வி: வளைவில் திரும்பும்போது ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒரு கணம் எரிந்து அணைகிறது. வீடுவரை ஓட்டிக்கொண்டு போகலாமா?

பதில்: போகக் கூடாது. பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி என்ஜினை உடனே அணையுங்கள். ‘ஆயில் மாற்றும் நாள் வந்துவிட்டது’ என்று நினைவூட்டும் விளக்கு அல்ல அது; ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்று சொல்லும் விளக்கு. ஆயில் அளவு குறைந்து, வளைவில் ஒருபக்கமாக ஒதுங்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கலாம். அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றி, மீண்டும் ஸ்டார்ட் செய்து விளக்கு சில விநாடிகளில் அணைகிறதா என்று பாருங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிகிறது என்றால், வண்டியை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். அழுத்தம் இல்லாமல் ஓடும் சில நிமிடங்கள் போதும், என்ஜின் முழுவதையும் இழக்க.

கேள்வி: என் டீசல் காரில் ஆயில் குறைவதற்குப் பதிலாக டிப்ஸ்டிக்கில் ஏறிக்கொண்டே போகிறது. இது எப்படி?

பதில்: உங்கள் வண்டியில் புகைத்துகள் வடிகட்டி இருக்கும் என்று தோன்றுகிறது. அதில் சேரும் கரியை எரிக்க, பல வண்டிகளில் என்ஜின் கூடுதல் டீசலைச் சிலிண்டருக்குள்ளேயே தாமதமாகத் தெளிக்கிறது. நகரத்துக்குள் மட்டும் ஓடி அந்த எரிப்பு பாதியில் பலமுறை நின்றுபோனால், டீசல் சிலிண்டர் சுவர் வழியே வடிந்து ஆயிலில் கலக்கிறது. அளவு மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் கிலோமீட்டரைப் பார்க்காமல் உடனே மாற்றுங்கள், ஏனெனில் நீர்த்த ஆயிலால் பேரிங்கில் படலம் அமைக்க முடியாது. வடிகட்டி உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைவான ஆயில் வகை தேவை. கையேட்டில் குறித்த தரக்குறியீடு டப்பாவின் மேல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பழைய கார் ஒன்றை வாங்கினேன். முந்தைய உரிமையாளர் ஆயிலை ஒழுங்காக மாற்றவில்லை என்று இப்போது தெரிகிறது. ஃப்ளஷ் ஊற்றிக் கழுவிவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: கடுமையான ஃப்ளஷ் திரவத்தை ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. பல ஆண்டுகளாக ஓரத்தில் படிந்திருந்த கசடு ஒரே நேரத்தில் கட்டிகட்டியாகப் பெயர்ந்தால், அது போய் நிற்குமிடம் மேலே சொன்ன அந்தச் சிறிய வலைதான். முதலில் ஆயில் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பழுப்பு வார்னிஷ் போன்ற மெல்லிய படலம் மட்டும் தெரிந்தால், சரியான தரமுள்ள ஆயிலையும் ஃபில்டரையும் 2,000, 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று இரண்டு, மூன்று தடவை மாற்றினாலே படிப்படியாகச் சுத்தமாகும். கறுப்புக் கசடு திட்டுத்திட்டாகத் தெரிந்தால் செலவைப் பார்க்காமல் சம்பைக் கழற்றி வலையைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஆயில் அழுத்தத்தைத் தனி மீட்டர் பொருத்தி, சூடான என்ஜினில் அளக்கவும் சொல்லுங்கள். அழுத்தம் கையேட்டின் அளவுக்குக் கீழே இருந்தால் பேரிங்குகள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சத்தத்தை அடக்குவதற்காகத் தடிமனான ஆயிலை ஊற்றச் சொல்பவரின் பேச்சைக் கேட்காமல், என்ஜினைத் திறந்து பார்க்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.