முருங்கை நிழலில் என்ன வரும்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் இரண்டு முருங்கை மரங்கள். நடுவே 10 அடி சும்மா கிடக்கிறது, புல் மண்டுகிறது. என்ன நடலாம்?

பதில்: முருங்கை தருவது சல்லடை நிழல். அதில் மஞ்சளும் இஞ்சியும் நன்றாகவே வரும். வைகாசியில் மஞ்சள் ஊன்றினால் பொங்கலை ஒட்டிக் கொத்தோடு பிடுங்கலாம். மேட்டுப்பாத்தி போடுங்கள், தண்ணீர் தேங்கினால் இஞ்சியும் அழுகும், முருங்கை வேரும் அழுகும். மரத்தூரிலிருந்து 3 அடியாவது தள்ளியே மண்ணைக் கொத்துங்கள்.

இன்னொன்று, இடைவெளி வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. முருங்கையைக் கவாத்து செய்ததும் அந்த இடம் முழு வெயிலாகிவிடும். அந்தச் சமயத்தில் ஓரமாகச் சிறுகீரை தூவினால், கிளை மறுபடி விரிவதற்குள் 25 நாளில் பறித்துவிடலாம். பலரும் கோட்டைவிடுவது இதைத்தான்.

அப்புறம், களையெடுக்க உட்காரும் முன் தண்டைப் பாருங்கள். கம்பளிப்புழு கூட்டமாக அப்பியிருக்கும். நான் பார்க்காமல் சாய்ந்து, மூன்று நாள் சொறிந்துகொண்டிருந்தேன்.

கேள்வி: கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் எலுமிச்சை வைக்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டும் ஒரே குடும்பம். பறவை எச்சம் போலத் தெரியும் அந்தப் புழு, கொழுந்தைச் சுருட்டும் சாறு உறிஞ்சிப் பூச்சி, எல்லாம் இரண்டுக்கும் பொது. பதிலாகக் குத்துச்செடி வகைத் தட்டைப்பயறு போடுங்கள். வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்க்கும். காய்ப்பு முடிந்ததும் பிடுங்காமல் தரைமட்டமாக அறுத்து, தழையை அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். சேர்த்த சத்து வேரும் தழையும் மட்கும்போதுதான் பெரும்பாலும் மண்ணுக்கு வரும்.

கேள்வி: சுண்டைக்காய்ச் செடிகளுக்கு இடையே கத்தரி?

பதில்: சுண்டையும் கத்தரி இனம்தான். புள்ளி வண்டு, மாவுப்பூச்சி ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவும். கத்தரி கட்டாயம் வேண்டுமென்றால், சுண்டை நாற்றின் மேல் ஒட்டுக்கட்டிய கத்தரியை வாங்கி வேறு மூலையில் நடுங்கள். சுண்டை வேர் வாடல் நோயையும், வேரைத் தாக்கும் நுண்புழுவான நூற்புழுவையும் நன்றாகத் தாங்கும். இடைவெளிக்கு வெங்காயம் போதும்.

கேள்வி: செண்டுமல்லி வைத்தால் பூச்சியே வராதாமே?

பதில்: அப்படி ஒரு செடி இருந்தால் நானும் வாங்குவேன். செண்டுமல்லி வேரில் சுரப்பது வேர் முடிச்சு நூற்புழுவை அடக்கும். ஆனால் நெருக்கமாக நட்டு இரண்டு, மூன்று மாதம் வளரவிட்டால்தான் பலன் தெரியும். வாசலில் இரண்டு செடி வைப்பது அழகுக்கு. தக்காளித் தோட்டத்தில் 16 வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நடுவதும் பூச்சியை விரட்ட அல்ல, காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியை அந்தப் பூவுக்கு இழுத்து முட்டையிட வைக்கத்தான். முட்டையும் புழுவும் உள்ள பூவைப் பறித்து அழிக்காவிட்டால் நீங்களே பூச்சி வளர்த்த கதையாகிவிடும்.

கேள்வி: தவசிக்கீரை வரிசைக்கு நடுவே புதினா?

பதில்: நடலாம், தொட்டியோடு புதைத்து. இல்லையென்றால் புதினா பரவி, அடுத்த மழைக்குள் தவசிக்கீரையைத் தேட வேண்டியிருக்கும்.