லிவர் பேக்கேஜ் வாங்கலாமா?

கேள்வி: அம்மா ஒரு மாதமாக டிபி மாத்திரை சாப்பிடுகிறார். மருத்துவர் எல்.எஃப்.டி (கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) எடுக்கச் சொன்னார். லேபில், "அது பழைய டெஸ்ட். மருந்தால் லிவர் கெடுவதை முன்கூட்டியே காட்டும் பேக்கேஜ் இருக்கிறது" என்று நாலு மடங்கு விலை சொல்கிறார்கள். எடுக்கலாமா?
- வாசகி, கரூர்

பதில்: வேண்டாம். மருத்துவர் எழுதியதை மட்டும் எடுங்கள்.

அந்த பேக்கேஜில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இப்படிப்பட்டவற்றில் பெரும்பாலும் அதே எல்.எஃப்.டி-யோடு ஏ.எஃப்.பி, ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), கொழுப்பு என்று நாலைந்தைச் சேர்த்திருப்பார்கள். ஏ.எஃப்.பி கல்லீரல் புற்றுநோய்க்காகப் பார்ப்பது. உங்கள் அம்மாவின் மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மருந்தால் கல்லீரல் கெடுவதை ரத்தத்தில் காட்டக்கூடிய புதிய குறியீடுகள் இல்லாமல் இல்லை. மைக்ரோ ஆர்.என்.ஏ-122, ஜி.எல்.டி.எச், கெரட்டின்-18 என்று சிலவற்றை ஆராய்கிறார்கள். 2016-ல் அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் இந்த வகைக் குறியீடுகளை மேலும் ஆராய ஊக்கம் தந்து கடிதம் கொடுத்தன. அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த எண்ணைத் தாண்டினால் மாத்திரையை நிறுத்துவது என்று இவற்றை வைத்து உங்கள் மருத்துவர் முடிவெடுக்க முடியாது.

"பழைய" டெஸ்டில் அது முடியும். டிபி மாத்திரைகளில் ஐசோநையசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. எல்.எஃப்.டி-யில் எஸ்.ஜி.பி.டி என்று ஒன்று வரும்; கல்லீரல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் என்சைம் அது. அதன் மேல் வரம்பு 40 என்று ரிப்போர்ட்டில் போட்டிருந்தால், வாந்தி, மஞ்சள் காமாலை போன்ற தொந்தரவோடு 120-ஐத் தாண்டினாலோ, தொந்தரவே இல்லாமல் 200-ஐத் தாண்டினாலோ வழக்கமாக மாத்திரையை நிறுத்துவார்கள். 70, 80 என்று லேசாக ஏறுவது பலருக்கு நடக்கும். மாத்திரை தொடரும்போதே தானாக இறங்கியும் விடும். எஸ்.ஜி.பி.டி மேல் வரம்பைப் போல மூன்று மடங்கும், பிலிருபின் (மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமி) இரண்டு மடங்கும் தாண்டிச் சேர்ந்து ஏறினால் நிலைமை இன்னும் மோசம்.

மேல் வரம்பு லேபுக்கு லேப் மாறும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் எடுங்கள். மாத்திரை தொடங்கும் முன் எடுத்த ரிப்போர்ட் இருந்தால் அதையும் கொண்டு போங்கள். மிச்சமாகும் பணத்தில் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை எடுத்தால் பேக்கேஜைவிட அதிகம் தெரியும். அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்குகிறீர்கள் என்றால் டெஸ்டையும் அங்கேயே கேளுங்கள். எண் ஏறியிருந்தால் மருத்துவர் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ டெஸ்ட் எழுதலாம். அது வீண் செலவு இல்லை. மருந்துதான் காரணம் என்று எந்த ரத்தப் பரிசோதனையும் தனியாகச் சொல்லாது, மற்றவற்றைக் கழித்துத்தான் அந்த முடிவுக்கு வருவார்கள். இதற்கு நடுவில் யாராவது லிவர் பொடி கொடுத்தால் வாங்காதீர்கள். எதனால் ஏறியது என்று பிரித்தே பார்க்க முடியாமல் போகும்.

சாப்பாடு பிடிக்காமல் போனாலோ, வாந்தி வந்தாலோ, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனாலோ ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்த வேளை மாத்திரை போடும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறேன். ஜிம்முக்கும் போகிறேன். எஸ்.ஜி.ஓ.டி 96, எஸ்.ஜி.பி.டி 61. மாத்திரையை நிறுத்திவிடவா?
- வாசகர், ஓசூர்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். எஸ்.ஜி.ஓ.டி என்ற என்சைம் கல்லீரலில் மட்டுமல்ல, தசையிலும் இருக்கிறது; கனமான எடை தூக்கினால் சில நாள் ஏறியே இருக்கும். தசை பாதிப்பைக் காட்டும் சி.பி.கே டெஸ்டும் சேர்த்து எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு வாரம் ஜிம்முக்கு லீவு விட்டு, அப்புறம் எடுங்கள்.