1973-ஆம் ஆண்டின் ஸ்டார் ட்ரெக் அனிமேஷன் தொடரை அவசியம் பார்க்க வேண்டுமா?

நடிகர்கள் திரையில் நடித்த மூல ஸ்டார் ட்ரெக் விண்வெளித் தொடரைப் பார்த்து முடித்தவர், 1973–74இல் அமெரிக்கத் தொலைக்காட்சியான என்பிசி ஒளிபரப்பிய 22 பகுதிகள் கொண்ட இந்த அனிமேஷன் தொடரைத் தவிர்க்காமல் இருப்பதே நல்லது என்பேன். வில்லியம் ஷாட்னர், லியோனார்ட் நிமோய் முதலிய பழைய நடிகர்களே குரல் கொடுத்திருக்கிறார்கள். விண்கலத்தின் வழிச்செலுத்துநர் செக்கோவாக நடித்த வால்டர் கோனிக் மட்டும் செலவைக் குறைப்பதற்காக விடப்பட்டார் (ஆனாலும் ஒரு பகுதியை அவர் எழுதினார்). செக்கோவின் இருக்கைக்கு வந்த வேற்றுக்கிரகவாசி ஆரெக்ஸுக்கு மூன்று கைகள், மூன்று கால்கள். ஒப்பனையில் எளிதில் ஆகாததை ஓவியர்கள் வரைந்தே முடித்துவிட்டார்கள். ஃபில்மேஷன் நிறுவனம் ஒரே சித்திரங்களை மறுபடி மறுபடி பயன்படுத்துவது கண்ணை உறுத்தத்தான் செய்கிறது. இருந்தும், டி.சி. ஃபான்டானா எழுதிய இரண்டாம் பகுதியில், ஸ்பாக் (நிமோயின் பாத்திரம்) காலத்தில் பின்னோக்கிச் சென்று சிறுவனான தன்னையே காப்பாற்றுவதும், அச்சிறுவன் படுகாயமுற்ற தன் வளர்ப்பு விலங்கை வலியின்றி இறக்கவிட முடிவெடுப்பதும், சனிக்கிழமைக் காலையில் வந்த ஒரு கார்ட்டூனில் எதிர்பார்க்க முடியாத துணிவு. நேரமில்லாதவர் அதை மட்டுமாவது பார்க்கலாம்.